மாவு மில்லில் விழுந்த துஷ்டி

முதலில் ஒப்பாரிச் சத்தம்தான் வந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது, மிளகாய் வற்றலும் மல்லியும் உள்ளே போய் நெஞ்சைப் பிடிக்கும் செந்தூளாக விழுந்துகொண்டிருந்த அந்த இரைச்சலுக்குள் ஊசி நுழைகிற மாதிரி ஒரு பெண்குரல் நுழைந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குரல், அதற்குப் பின்னால் மாரில் அறைந்துகொள்ளும் சத்தம். சண்முகக்கனி தும்மிக்கொண்டே மோட்டாரை நிறுத்திவிட்டு, யார் வீட்டில் துஷ்டி விழுந்தது என்று காதைக் கொடுத்தாள். சாவுக்கு அந்தப் பக்கத்தில் துஷ்டி என்றுதான் பெயர். வெள்ளைக்கரட்டில் ஒப்பாரி என்பது அழுகை இல்லை, விலாசம். யாருக்கு மகள், யாருக்குத் தங்கை, எந்தத் தெரு, என்ன தொழில் என்று எல்லாம் அதில் வந்துவிடும், வாசல்வரை போய்ப் பார்க்க வேண்டியதில்லை. "பொன்னுலிங்கம் கூடப் பொறந்தவளே, மாவு மில்லு மகராசியே" என்று வந்தது. அந்த விலாசத்தில் ஊரிலேயே ஒருத்திதான் இருந்தாள். அவள் அப்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பார்த்தாள். நாலு பேர் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தியேட்டர் பெஞ்சு. அதன்மேல் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண்பிள்ளை மல்லாந்து கிடந்தாள். பட்டப்பகல், பங்குனி வெயில், தார் இளகிக் கிடந்தது. ஆனால் அந்தப் பெஞ்சைச் சுற்றி ஒரு முழத்துக்கு மட்டும் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. தூக்கி வந்தவர்களின் தோளும் காதும் அந்த இருட்டுக்குள் இருந்தன, வயிறும் காலும் வெயிலில் வந்துகொண்டிருந்தன. முன்னால் தியேட்டர் மேனேஜர் தேவசகாயம் வழிவிடச் சொல்லிக் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"எங்கே அண்ணாச்சி கொண்டாறீங்க?" என்றாள் கனி.

"காலை ஆட்டம் முடிஞ்சு லைட்டைப் போட்டோம்மா. ஸ்கிரீனுக்குக் கீழே கெடந்தா. மேட்னிக்கு ஆளு வந்துரும், பொணத்தை வச்சுக்கிட்டு டிக்கெட்டு கிழிக்க முடியுமா? அதான் அவுகவுக வீட்டுல சேத்துருவோம்னு."

"இது யாரு வீட்டுப் பொணம்?"

"உன் வீட்டுதான். நீதானே இது" என்றார் தேவசகாயம், பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன பையைத் திருப்பிக் கொடுக்கிறவர் போல.

அவர் சொன்னதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, தியேட்டரில் ஓடின படம் அவள் கதை என்று ஊருக்கே தெரியும். தபால்காரர் மகன் சுடலைமணி, கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத இந்தக் கரிசல் ஊரில் பிறந்து, ஆழிவண்ணன் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு நாவல் எழுதினார். கனி இளவட்டமாக இருந்தபோது, கட்டினவன் கொதிக்கிற சுடுதண்ணீரைக் கையில் ஊற்றிவிட, வெந்த கையோடு அண்ணன் பொன்னுலிங்கம் வீட்டுக் கதவைத் தட்டினாள். "செத்தாலும் கட்டினவன் வீட்டுல சாவு" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டு அவன் தாழ்ப்பாளைப் போட்டான். தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் சுடலைமணியின் முகம் இருந்தது. அதற்குமேல் நடந்ததை அவர் பார்க்கவில்லை, உள்ளே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்திருக்க வேண்டும். நாவலில் அவளுக்கு யாழ்மொழி என்று பெயர், அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூட யாரும் வைக்காத பெயர். கதவு அடைபட்டதும் யாழ்மொழி ஒரு பக்கம் முழுக்க நிலாவைப் பார்க்கிறாள், அப்புறம் அரளிக்காயை அரைத்துக் குடித்துச் சாகிறாள். அந்தச் சாவு மிக அழகாக இருந்ததாகச் சொல்லிப் பரிசு கொடுத்தார்கள்.

நடந்தது என்னவென்றால், கனிக்குப் பசித்தது. அரளிக்காயைப் பறித்து மடியில் கட்டினது மெய்தான். அதை அரைக்க ஒரு கல் தேடிக்கொண்டு மில் பக்கம் வந்தபோது, மீராசா ராவுத்தர் கம்பு அரைத்துக்கொண்டிருந்தார். கம்பு சூடாகி விழுகிற அந்த வாசம் வயிற்றுக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டது. ஒரு கை மாவு கேட்டாள், அப்படியே வாயில் போட்டாள், விக்கினாள், ராவுத்தர் பெண்சாதி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து மீன்குழம்பும் சோறும் போட்டாள். விடிந்ததும் மில்லைக் கூட்டினாள். அதிலிருந்து மில்லிலேயே இருந்தாள், ராவுத்தர் வயசாகித் தன் மகன் வீட்டோடு போனபோது மில்லும் அவள் பெயருக்கு வந்தது. இந்தப் பசியை எழுதினால் யார் பரிசு கொடுப்பார்கள்? பொம்பளை சாவது இலக்கியம், சாப்பிடுவது செலவு.

நாவலைப் படமாக்கினவர் அதை இருட்டில் எடுத்தார். படத்தில் பகலே கிடையாது. யாழ்மொழி சோறு வடிக்கிறபோது இருட்டு, வாசல் தெளிக்கிறபோது இருட்டு, கோவில் கொடைத் திருவிழா நடக்கிறது, அதிலும் இருட்டு. முதல் நாள் ஊர்ச்சனம் மெஷின் கோளாறு என்று பெஞ்சைத் தட்டிக் கத்தியது. இருட்டுதான் கலை என்று டிவியில் யாரோ சொன்ன பிறகு அதே சனம் மறுபடி போய் அழுதது. அன்றைக்கு ஜன்னலில் நின்ற அத்தனை முகங்களும் டிக்கெட் எடுத்து வந்து அழுதன. கதவு அடைபடுகிற இடத்தில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவன் பொன்னுலிங்கம். துண்டை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான் என்றும், அந்தப் பாவி நல்லா இருப்பானா என்று படத்து அண்ணனைத் திட்டினான் என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆக, பிணம் வந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை; பந்தல் எங்கே போடுவது என்றுதான் கேட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்து பார்த்து, படத்தில் செத்தவளுக்கு எல்லா விசாரணையும் சென்சாரிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லி, ஒரு கலர் சோடா குடித்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் பெஞ்சைக் கொண்டுவந்து மில்லுக்கு எதிரே போட்டார். பக்கத்து ஊர்களுக்குத் துஷ்டி சொல்ல ஆள் போனது. பிணத்தின்மேல் பவுடர் வாசம்தான் வந்தது. பெண்கள் அந்த இருட்டின் ஓரம்வரை வந்து, உள்ளே கையை மட்டும் விட்டுப் பார்த்து, "குளுகுளுன்னு இருக்குட்டி, ஏசி தியேட்டர் மாதிரி" என்று சொல்லிக்கொண்டார்கள். அரைக்கக் கொடுத்திருந்த வாளிகளை ஒவ்வொருத்தியாக வந்து எடுத்துப் போனாள், துஷ்டி வீட்டு மில்லில் எவளாவது அரைப்பாளா என்று.

கனி வாசலில் நின்றாள். அவளைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பேய் என்று ஓடினாலாவது ஒரு மரியாதை இருக்கும். வழியில் நிற்கிற மாட்டை விலக்குவது போல அவளை விலக்கிக்கொண்டு போய் வந்தார்கள். ஒப்பாரியில் கைதேர்ந்த முத்துப்பேச்சி, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தணிந்த குரலில் புத்தி சொன்னாள்.

"மதினி, நீ இப்படிக் குறுக்க மறுக்க நடமாடப்படாது. செத்தவ நடமாடினா எங்களுக்கு அழுகை கூடிவர மாட்டேங்கு. செத்த நேரம் உள்ள போயி இரேன்."

"நான் எங்கட்டி செத்தேன்? முந்தாநாள் உனக்கு உளுந்து உடைச்சுத் தந்தேன்லா?"

"தந்தே, இல்லைங்கலை. நல்லவதான் நீ. அதைச் சொல்லித்தானே அழுதுக்கிட்டிருக்கேன்."

"அவ கையைப் பாரு, என் கையைப் பாரு" என்று வெந்து சுருங்கின கையை நீட்டினாள் கனி. "அவ கையில ஒரு தழும்பு இருக்கா?"

முத்துப்பேச்சி இரண்டு கையையும் பார்த்தாள். "அவ கை நல்லா இருக்கு மதினி" என்றாள். "அழுகதுக்கு வாட்டமா இருக்கு."

இதில் இருந்த ஆபத்து கனிக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைக்கரட்டில் ஒருத்தியின் பெயர் சொல்லிப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையைப் போர்த்திக் கொள்ளி வைத்துவிட்டால் அவள் செத்தவள்தான்; அப்புறம் ரேஷன்கடையில் நின்றாலும், தேர்தலில் மை வைத்தாலும், ஊர் அவளைக் கணக்கில் எடுக்காது. பிள்ளையில்லாமல் செத்தவளின் உடைமை பிறந்த வீட்டுக்கு. மில் பொன்னுலிங்கத்துக்கு. அவன் வந்துகொண்டிருக்கிறான் என்றார்கள், கோடி எடுக்க டவுனுக்கே போயிருக்கிறான், பட்டாம். உயிரோடு இருந்த தங்கைக்கு ஒரு தீபாவளிக்குக்கூடத் துண்டுத் துணி எடுத்துத் தராதவன், செத்த தங்கைக்குப் பட்டு எடுக்கப் போயிருக்கிறான். பிணத்துக்குக் கொடுப்பதில் ஒரு சௌகரியம், அது மறுபடி வந்து கதவைத் தட்டாது.

மறுநாள் ஆழிவண்ணனும் வந்தார், சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கக் காரில், ரோஜாமாலையோடு. கனியைப் பார்த்ததும் கும்பிட்டார். அவர் ஒருத்தர்தான் அவள் உயிரோடு இருப்பதை ஒத்துக்கொண்டவர், ஆனால் அதை ஓர் அச்சுப்பிழையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தம்பி, என்னை எதுக்குய்யா கொன்னே?"

"உங்களை எங்கேக்கா கொன்னேன்? கதை அந்த இடத்துக்கு வந்துருச்சு. அதுக்குமேல அவளுக்குப் போக இடம் இல்லை."

"இந்தா, இந்த மில்லு அன்னைக்கும் இங்கேதானே இருந்தது? உங்க வீட்டுல இருந்து நாலு எட்டு. எனக்குப் பசிச்சது, வந்து தின்னேன்."

ஆழிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "பிரமாதம்க்கா. பசி! இதை அடுத்த பதிப்புல முன்னுரையா வச்சுக்கிடட்டா?"

"வச்சுக்கோ. உப்பு கம்மியா இருந்தா அள்ளிப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள். அந்த ஆளோடு பேசுவது உமியைக் குத்துகிற வேலை.

திரும்பினபோதுதான் பார்த்தாள். பெண்களெல்லாம் இருட்டுக்கு வெளியே வெயிலில் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பிணத்தின் தலைமாட்டில் யாரும் இல்லை. ஊரில் எந்தத் துஷ்டியிலும் முதலில் தலைமாட்டுக்கு ஆள் உட்கார வேண்டும், தாயோ மகளோ தங்கையோ, செத்தவளுக்கு இன்னார் நான் என்று சொல்லி உட்கார்ந்து முடியை அவிழ்த்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம். அழுது பேர் வாங்குகிற அவசரத்தில் அத்தனை கைகாரிகளும் அதை மறந்துவிட்டார்கள். தலைமாட்டில் ஆள் இல்லாத அழுகை, வாசல் இல்லாத வீடு. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நுழையலாம்.

கனி நுழைந்தாள். இருட்டு ஈரத்துணி மாதிரி மேலே பட்டது. பெஞ்சின் தலைப்பக்கம் குந்தி, அந்தப் பிள்ளையின் தலையை எடுத்து மடியில் வைத்தாள். தலைக்குக் கனமே இல்லை, உமி அடைத்த தலையணை மாதிரி இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று தெரிந்தது. உதடு வெடித்திருந்தது, வயிறு ஒட்டிக் கிடந்தது. நாவல் முழுக்க, படம் முழுக்க, அவளை ஒரு வாய் சாப்பிட விடவில்லை அந்த ஆண்பிள்ளைகள். முந்தினநாளிலிருந்து ஊரில் யார்மேலும் வராத ஒன்று கனிக்கு அந்தப் பிள்ளைமேல் வந்தது. முடியை அவிழ்த்துப் போட்டாள். மிளகாய்த்தூள் ஏறின தொண்டையைத் திறந்தாள்.

"ஒலையேத்திச் சோறு வச்சேன் என் மகளே - நீ
ஒருவாயும் உண்ணலியே
கதவடைச்சான் உன் மாமன் என் மகளே - அதைக்
கண்டவனும் கதை வித்தான்
இருட்டுலயே பெத்தெடுத்தேன் என் மகளே - உன்னை
வெளிச்சத்துல காங்கலியே."

வெளியே அழுகை பொசுக்கென்று நின்றது. முத்துப்பேச்சி வாயைத் திறந்தபடி இருந்தாள். தலைமாட்டில் ஒருத்தி உட்கார்ந்து மகளே என்று எடுத்துவிட்டால் அப்புறம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தாய்க்காரியைக் கட்டிக்கொள்ளாமல் அழுதால் அழுதவள் வீட்டில் அடுத்த துஷ்டி என்பது அங்கே பால் மறக்கும் முன்பே ஏறின பயம். முத்துப்பேச்சியின் புத்தி வேண்டாம் என்றது, உடம்பு முழங்காலிட்டு இருட்டுக்குள் ஊர்ந்து வந்தது. கனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மதினி, உன் மகளையா தந்துட்டே" என்று பிடித்தாள். அவள் பிடித்ததும் மற்றவர்களும் வந்தார்கள், முண்டியடித்துக்கொண்டு, ஒருத்தி முதுகை ஒருத்தி பிடித்துக்கொண்டு. செத்தவளை யாரும் இப்படிக் கட்டிக்கொண்டு அழ மாட்டார்கள், அவளுக்கு வியர்க்கவும் வியர்க்காது. கனிக்கு வியர்த்தது. கட்டிப்பிடித்த ஒவ்வொருத்திக்கும் அது கன்னத்தில் பட்டது.

அந்த நேரத்தில் பொன்னுலிங்கம் வந்து சேர்ந்தான். வழுக்கையும் தொப்பையும் நெற்றி நிறைய விபூதியுமாக, இரண்டு கையிலும் பட்டுச்சேலையை ஏந்திக்கொண்டு, முன்னால் மேளத்தோடு வந்தான். தங்கச்சி என்று அலற வாயைத் திறந்தவன், தலைமாட்டைப் பார்த்து அப்படியே நின்றான். மேளக்காரர்களும் நிறுத்தினார்கள்.

"யார் செத்துருக்கா?" என்றான், யாரையும் பார்க்காமல்.

"கனி மக" என்றாள் முத்துப்பேச்சி. அவளுக்கு இப்போது அதிலும் சந்தேகம் இல்லை.

"இவளுக்கு ஏது மக?"

கனி நிமிர்ந்தாள். "நீ கதவை அடைச்ச அன்னைக்குப் பொறந்தா. அன்னைக்கு நான் தின்னேன், இவ திங்கல. அதான் நான் இருக்கேன், இவ போயிட்டா. வா, தாய்மாமா. கோடியைப் போடு."

கூட்டத்தில் ஒரு குரல், "ஆமா, தாய்மாமன் கோடிதானே மொதக் கோடி" என்றது. இன்னொரு குரல், "பட்டால்லா கொண்டாந்துருக்காவ, மவராசன்" என்றது. பொன்னுலிங்கம் பின்னால் பார்த்தான். பின்னால் ஊர் நின்றது. தங்கையின் பிணத்துக்கு என்று எடுத்த பட்டைத் தங்கை மகளின் பிணத்துக்குப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால், வெள்ளைக்கரடு அவனைத் துப்பியே குளிப்பாட்டிவிடும். போட்டால், தங்கை இருக்கிறாள் என்று அவனே நாலு பேர் முன்னால் சொன்னதாகிவிடும். ஏனென்றால் தாய்மாமன் கோடியைப் பிணத்தின்மேல் நேராகப் போடக் கூடாது, தாயின் கையில் கொடுக்க வேண்டும், தாய் அவன் கையைப் பிடித்து அழுது வாங்கி அவள் கையால் போர்த்த வேண்டும். அவன் மில்லைப் பார்த்தான். மில்லின் தகரக் கூரையை ஒரு தடவை, கடைசித் தடவை, பார்த்தான். பிறகு இருட்டுக்குள் வந்தான்.

சேலையை நீட்டினான். அவள் அவன் கையைப் பிடித்தாள். ஊர் எக்கி எக்கிப் பார்த்தது. ஆழிவண்ணன் எட்டிப் பார்க்க இடம் கிடைக்காமல் டீக்கடை பெஞ்சின்மேல் ஏறினார். அண்ணன் கை ஊறின அவல் மாதிரி இருந்தது, மோதிரத்தைச் சுற்றிச் சதை பிதுங்கி, வேர்த்துக்கொண்டு. இந்தக் கை தாழ்ப்பாளை எடுக்கும் என்றுதான் அன்றைக்கு அவள் தெருவில் நின்றாள். இதற்காகத்தான் இத்தனை வருஷமும், யாராவது வாசலில் நிழலாடினால் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிடித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பிடித்து அழ வேண்டிய நேரத்துக்குப் பிடித்திருந்துவிட்டு, சேலையை வாங்கிக்கொண்டு, கையை விட்டாள்.

"கனி..." என்று அவன் ஏதோ தொடங்கினான்.

"கோடி போட்டாச்சுல்லா அண்ணாச்சி. தள்ளுங்க, பிள்ளைக்குச் சேலை கட்டணும்" என்றாள் கனி, அண்டை வீட்டானுக்குச் சொல்வது போல.

வாய்க்கரிசி போடுமுன் அவள் உள்ளே போய் ஒரு கை சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து, முறையில் இல்லாத காரியம் என்று பெண்கள் முனகியும் கேட்காமல், அந்தப் பிள்ளையின் வெடித்த உதட்டில் வைத்தாள். அப்புறம் தூக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆண்பிள்ளைகள் திரும்பி வந்து, ஒரு சுள்ளி எரிகிற நேரத்தில் எல்லாம் முடிந்ததென்றும், அள்ளுவதற்குச் சாம்பலே இல்லை என்றும், இருட்டு மட்டும் ஒரு பாய் அளவுக்குத் தரையில் கிடக்கிறதென்றும் சொன்னார்கள். வெயில் காலத்தில் அதில் நாய்கள் போய்ப் படுத்தன. தேவசகாயம் அடுத்த படத்தைப் போட்டார், அதில் நிறையப் பாட்டும் வெளிச்சமும் இருந்தன, சனம் விசிலடித்தது. ஆழிவண்ணன் ஒரு கட்டுரை எழுதினார், அதில் தன் துக்கத்தைப் பற்றி நிறையவும் கோடியைப் பற்றிக் கொஞ்சமும் இருந்தது. பெண்கள் வாளிகளைத் திருப்பிக் கொண்டுவந்து வரிசையில் வைத்தார்கள், எடுத்துப் போனதாகவே காட்டிக்கொள்ளாமல். மகள் செத்த வீடாயிற்றே, ரொம்ப நாள் மில்லை மூடிப் போட்டுவிடாதே என்று ஆளுக்கொரு ஆறுதலும் சொன்னார்கள்.

கனி வரிசையின் முன்னால் குனிந்து பார்த்தாள். முதல் வாளியில் கோதுமை இருந்தது. காரம் அரைத்த மில்லில் கோதுமையை அப்படியே போட்டால் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி எரியும். அவள் மோட்டாரைப் போட்டு, மில்லின் வாயில் ஒரு கை பச்சரிசியைத் தூவி, சிவப்பாக விழுந்த தூள் இளஞ்சிவப்பாகி வெள்ளையாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியைத் தூக்கிச் சரித்தாள்.